மெயினை இறக்கினால் திறக்கும் கதவு

ஓய்வு பெற்ற மின் ஆய்வாளர் பழுதான மீட்டரைப் போன்றவர். ஓட மாட்டார், ஆனாலும் சுவரிலிருந்து கழற்ற யாருக்கும் மனம் வராது. நான் சூலக்கரையில், அரசு அலுவலகங்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு கட்டிக் குடியேறியவன். எந்த மனுவை எந்த மேசையில் கொடுக்க வேண்டும், கொடுத்தபின் எந்த மேசையில் அது தூங்கும், எப்படித் தட்டி எழுப்ப வேண்டும் என்று கேட்க ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். விதிகளை மனப்பாடமாகச் சொல்கிறவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. அதைப் பாராட்டாகச் சொன்னவர்கள் குறைவு.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்தப் பட்டாசு முதலாளி. இரண்டாயிரத்து எட்டு வாக்கில் என்று நினைவு. மின்வெட்டு கோடை, மழை போல ஒரு பருவமாகவே நிலைபெற்றுவிட்ட காலம். ஆனைக்குட்டத்தைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் அவருடைய கம்பெனி இருந்தது. தொழிற்சாலையில் கேமரா வைக்க வேண்டும், உள்வாசலில் கார்டு காட்டினால் திறக்கும் பூட்டு வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

“கேமராவுக்கு மதுரையில ஆளு பிடிச்சிட்டேன் சார்” என்றார். “ஆனா அதுக்குக் கரண்டு குடுக்கிற பெட்டி இருக்குல்ல, அதுல ஆளுக்கொண்ணு சொல்றான். நீங்க ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்க.”

“எதற்கு அண்ணாச்சி பூட்டு? திருட்டா?”

“திருட்டும் உண்டு. அதை விட, எந்நேரம் உள்ள யாரு யாரு இருக்காகன்னு எனக்குத் தெரியணும். ஏதாவது ஒண்ணுன்னா யாரத் தேடுறதுன்னு தெரியணும்ல?”

இந்தப் பக்கத்து முதலாளிகள் அந்த ‘ஏதாவது ஒண்ணு’ என்பதைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

ஒரு பட்டாசுத் தொழிற்சாலையை வேலை நேரத்தில் முழுதாகச் சுற்றிப் பார்த்தது அன்றுதான். பணியில் இருந்தபோது அவர்களுடைய அலுவலகம், பம்ப் அறை, டிரான்ஸ்பார்மர் இவற்றோடு என் வேலை முடிந்துவிடும். காரணம் எளிது. உள்வேலிக்கு அப்பால் மின்சாரமே கிடையாது. ஒரு விளக்கில்லை, விசிறியில்லை. பரந்த வெளியில் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றின் சுவரிலும் பெயிண்டில் ‘நபர் 4’ என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு மேல் ஒருவர்கூட அங்கே இருக்கக் கூடாது. வெறுங்காலோடு பெண்கள் நடக்கிறார்கள். யாரும் ஓடவில்லை, யாரும் எதையும் தொப்பென்று வைக்கவில்லை. முப்பது வருடம் மின்சாரத்தைப் பற்றி மற்றவர்களுக்குப் பயம் சொல்லிக்கொடுத்தவன் நான். அது தேவைப்படாத ஓர் இடத்தை அன்றுதான் பார்த்தேன்.

உள்வேலிக்கு ஒரே வாசல். வாசலுக்கு வெளிப்புறம் ஒரு சிறிய தகரக் கொட்டகை. அதில் ஒரு நடுத்தர வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகும் பெண்களைச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. எல்லோரும் அவளைச் செக்கிங் அக்கா என்றுதான் அழைத்தார்கள். அவள் முன்னால் ஒரு பிளாஸ்டிக் தட்டு. பறிமுதல் செய்த தீப்பெட்டி, பீடிக்கட்டு, ஊக்கு, ஒரு மடக்குக் கத்தி என்று அதில் கிடந்தன. என்னிடமும் கையை நீட்டினாள்.

“செல்லை வைங்க சார்.”

“நான் முதலாளியோடு வந்திருக்கிறேன்.”

“அவுக செல்லு இந்தா கெடக்கு. பெரிய ஆபீசரா இருந்தாலும் இங்கன வச்சிட்டுத்தான். அங்கன கொண்டு போனா பெறகு நீங்க எந்த ஆபீசுக்கும் போவ மாட்டீக.”

வைத்துவிட்டேன். என் பணிக்காலத்தில் ஒரு விதியை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

மறுவாரம் முதலாளியின் அறைக்கு மதுரைக்காரர் வந்தார். இளம் வயது, பளபளவென்ற சட்டை, அதைவிடப் பளபளப்பான புத்தகம். மேசையில் ஓர் இரும்புப் பட்டையையும் அதோடு ஒட்டும் ஒரு தகட்டையும் வைத்தார். அதுதான் பூட்டு. சாவியில்லை, நாக்கில்லை, அசையும் பாகம் ஒன்றுமில்லை. பட்டைக்குள் கம்பிச்சுருள், மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும்.

“இழுங்க சார்” என்றார்.

முதலாளி இழுத்தார். மேனேஜரும் சேர்ந்து இழுத்தார். மேனேஜர் பேச்சில் மென்மையானவர், உடம்பில் அப்படியில்லை. இருவரும் மேசையோடு நகர்ந்தார்களே தவிரத் தகடு அசையவில்லை. கால் டன் எடையைத் தாங்கும் பிடி அது. அதற்கு உணவு வெறும் பன்னிரண்டு வோல்ட்டில் அரை ஆம்பியர், ஒரு மோட்டார் சைக்கிளின் விளக்கு எரியும் அளவுக்குக்கூட இல்லை. மதுரைக்காரர் ஒரு கம்பியை விலக்கினார். ‘டக்’கென்ற சத்தம்கூட இல்லாமல் தகடு மேனேஜர் கையோடு வந்தது. தூங்கிப்போன குழந்தை பிடித்திருந்த விரலை விடுமே, அதைப் போல.

காந்தத்தின் கணக்கெல்லாம் படித்தவன்தான். கணக்கு வேறு, கையில் வந்து விழுவது வேறு. அந்தத் தகட்டை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தேன்.

பிறகு பெட்டி விவகாரம் வந்தது. மதுரைக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய பெட்டியைச் சொன்னார். கேமரா, பூட்டு எல்லாம் அதிலிருந்தே. உள்ளே பெரிய பேட்டரி. கரண்டு போனாலும் எதுவும் நிற்காது.

“கேமராவுக்கு எவ்வளவு ஆம்பியர் என்று கணக்குப் போட்டீர்கள்?” என்றேன்.

சொன்னார்.

“பகலிலா, இரவிலா?”

அவர் புத்தகத்தைப் புரட்டினார். பகலில் பார்க்கிற கேமரா இருட்டியதும் தன்னைச் சுற்றியுள்ள சிறு விளக்குகளை ஏற்றிக்கொள்ளும். அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அப்போது அதன் பசி இரட்டிப்பாகும். பகல் பசிக்குப் பெட்டி வாங்கினால் திருடன் வருகிற நேரத்தில் கேமராக்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும். அடுத்தது தூரம். வேலி நெடுகக் கம்பி இழுத்தால், கண்மாயிலிருந்து கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகிற கதைதான். புறப்பட்டது பன்னிரண்டு வோல்ட் என்றாலும் கடைசிக் கேமராவுக்குச் சேர்வது குறைவு. எனவே பெட்டியைக் கேமராக்களுக்கு நடுவில் வைக்க வேண்டும், தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாக வாங்க வேண்டும், ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி பியூஸ் வேண்டும். ஒன்றில் மழைத்தண்ணீர் இறங்கினால் அது மட்டும் சாக வேண்டும். ஊரையே கூட்டிக்கொண்டு போகக் கூடாது. பேட்டரி? கேமராப் பெட்டிக்குக் கட்டாயம் வேண்டும்.

“பூட்டுக்கு?” என்றார் முதலாளி.

“பூட்டுக்குத் தனிப் பெட்டி. அதற்குப் பேட்டரி கூடாது.”

“கரண்டு போனா?”

“கதவு திறந்துகொள்ளும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். எனக்கு வயதாகிவிட்டதா என்று இருவரும் கண்ணாலேயே கலந்து பேசிக்கொண்டார்கள்.

“என்ன சார் இது! கரண்டு போனாத் தொறக்கிற பூட்டு எதுக்குன்னு கேக்கேன். கள்ளன் கரண்டாபீசுக்குப் போன் போட்டு, இன்னைக்கு எத்தன மணிக்குக் கட்டுன்னு கேட்டுட்டுல்ல வருவான்?”

“கரண்ட் ஆபீசில் போனை எடுப்பார்கள் என்று நம்புகிற கள்ளன் இந்த மாவட்டத்தில் கிடையாது அண்ணாச்சி. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு நாட்டுப் பூட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஆள் இருக்கும் வரை இந்தப் பூட்டு போதும்.”

“வேல நேரத்துல கரண்டு போனா?”

“இடி இடித்தால் உங்கள் போர்மேன் முதலில் என்ன செய்வார்?”

“மெயின இறக்குவாரு. பெறகு விசில் ஊதுவாரு. எல்லாரும் ரூமை விட்டுட்டு வெளிய ஓய்வுக் கொட்டகைக்கு வந்துருவாக.”

இந்தப் பக்கத்தில் அது ஒரு சடங்கு. வீடுகளில்கூட முதல் இடிக்கே டிவி வயரைப் பிடுங்கிவிடுவார்கள். கம்பிவழி மின்னல் ஏறி வரும் என்ற பயம். நியாயமான பயம்தான். பட்டாசுக் கம்பெனியில் மெயின் கைப்பிடியை இறக்குவது விசிலுக்கும் முந்திய காரியம். கை அதுவாகவே போகும்.

“அவர் மெயினை இறக்கிய அந்த நொடியே வாசல் திறந்துவிட வேண்டும். யாரும் சாவி தேடக் கூடாது, கார்டு தேடக் கூடாது, யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்கக் கூடாது. பேட்டரி வைத்தால் மெயின் இறங்கியும் பூட்டு பிடித்துக்கொண்டிருக்கும். வெளியே வர வேண்டிய ஒரே நேரத்தில் வாசல் மூடியிருக்கும்.”

முதலாளி தகட்டை எடுத்து ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “சரி, அப்பிடியே போடுங்க” என்றார் கடைசியில். இடி, மெயின் என்று நான் காரணம் சொன்ன நேரம் மேனேஜர் தேநீருக்குச் சொல்ல வெளியே போயிருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

வேலை நடந்தபோது இரண்டு விஷயங்களைச் சேர்த்தேன். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி, கீலைக் கொஞ்சம் சாய்த்து மாட்டச் சொன்னேன். காந்தம் விட்டதும் தன் எடையிலேயே கதவு அகன்றுவிடும். உள்பக்கம் அவசரத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான் வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். பொத்தான் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வந்துகொண்டே இருந்தது.

கார்டுகளை உள்ளே கொண்டுபோக அனுமதியில்லை. காலையில் காட்டிவிட்டுச் செக்கிங் அக்காவின் கொட்டகையில் ஆணிகளில் மாட்டிவிட வேண்டும். மாட்டியிருக்கிற கார்டெல்லாம் உள்ளே இருக்கிற ஆட்கள். வெளியே விட வேண்டுமானால் அக்கா ஒரு கார்டைக் காட்டித் திறப்பாள். முதலாளி கேட்டது அதில் கிடைத்துவிட்டது. பார்க்கவும் அழகாக இருந்தது.

செக்கிங் அக்காவுக்கு அழகில் அக்கறையில்லை. நான் கொட்டகைச் சுவரில் பூட்டின் பெட்டியை மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், இந்தக் கதவுக்கு நாங்க உள்ள போறது முக்கியமா, வெளிய வாரது முக்கியமா?”

“வெளியே வருவது.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக. முந்தி நான் வேற ஒரு கம்பெனியில இருந்தேன். இடி கேட்டு வாசலுக்கு வந்தா சங்கிலி போட்டுப் பூட்டிருக்கு. சாவிக்காரரு டீக்குடிக்கப் போயிட்டாரு.”

“என்ன ஆயிற்று?”

“ஒண்ணும் ஆகல. சாவி வார வரைக்கும் நாங்க செத்துக் கெடந்தோம், அம்புட்டுத்தான்.” தட்டிலிருந்த தீப்பெட்டிகளைத் தள்ளி ஒழுங்குபடுத்தினாள். “இப்ப எம்மக உள்ள இருக்கா சார். வெடிக்கு மருந்து செலுத்துற ரூம்ல. அதான் கேக்கேன்.”

நான் போர்மேனை அழைத்து மெயினை இறக்கச் சொன்னேன். கைப்பிடி இறங்கியது. யாரும் தொடாமல், முனகாமல், கதவு தானாக எங்களை நோக்கி வந்து அகலத் திறந்து நின்றது. உள்ளே குடத்தோடு போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்றுவிட்டார்கள். “யாத்தே, கோயில் நட தொறந்த மாரில்ல இருக்கு!” என்றாள் ஒருத்தி. செக்கிங் அக்கா கதவருகே போனாள். கதவின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

கடையில் இருந்த பூட்டுப் பெட்டிகள் எல்லாமே பேட்டரிக்கு இடம் விட்டுச் செய்தவை. உள்ளே ஒரு காலி அறை, அதில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் வாயைத் திறந்துகொண்டு தொங்கும். அவற்றை டேப் சுற்றி மடக்கி, மேலே ‘பேட்டரி வைக்கக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். பெட்டியைப் பூட்டிச் சாவியை மேனேஜரிடம் ஒப்படைத்தேன். மின்பெட்டி பூட்டப்பட்டிருக்க வேண்டும், சாவி பொறுப்பான அலுவலரிடம் இருக்க வேண்டும். விதி.

தீபாவளி சீசன் வந்தது. சீசனோடு மின்வெட்டும் வந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் வாசல் பக்தியோடு திறந்துகொண்டது. செக்கிங் அக்கா நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொள்வாள். மேனேஜருக்குத்தான் நிம்மதியில்லை. எனக்குப் போன் செய்தார்.

“சார், நேத்து கரண்டு போன நேரத்துல ரெண்டு ஆடு உள்ள போயிருச்சு.”

“ஆட்டுக்குக் கார்டு கொடுத்திருக்கிறீர்களா?”

“நீங்க சிரிக்கீக. முதலாளி என்னையல்ல வைறாரு.”

சிரித்தது உண்மை. வாசலில் இன்னோர் ஆளைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஐப்பசிக்குச் சற்று முன் ஒரு மத்தியானம். ஒரு கேமராவின் படம் ஆடுகிறது என்று போயிருந்தேன். மேனேஜர் பேங்க் வேலையாகச் சிவகாசிக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் நானும், சுவரோர மேசையில் நாலு கட்டமாகப் படம் காட்டும் டிவியும். ஆடிய படத்தைச் சரிசெய்து முடித்தபோது அறை இருண்டது. ஜன்னலுக்கு வெளியே, மேற்கில், மேகம் ஒரு மலையைப் போல எழுந்து நின்றது. கரிசலுக்கு மேல் அப்படி ஒரு கறுப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எது நிலம், எது வானம் என்று விளிம்பு தெரியவில்லை. தூரத்தில் ஓர் உறுமல்.

விசிறி நின்றது. போர்மேன் மெயினை இறக்கிவிட்டார். விசில் கேட்டது. டிவி மட்டும் நிற்கவில்லை. அதற்கும் கேமராக்களுக்கும் பேட்டரி உண்டு, நான் கேட்டு வாங்கியது. வாசல் திறப்பதைப் பார்க்கலாம் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். உண்மையில் அதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது.

வாசல் மூடியிருந்தது.

படம் உறைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தக் காலத்துக் கருவிகள் அப்படிச் செய்யும். அப்போது ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் உருண்டு வாசலுக்குக் குறுக்கே போயிற்று. படம் உயிரோடுதான் இருந்தது. கதவுதான் திறக்கவில்லை.

பெண்கள் வரத் தொடங்கினார்கள். முன்னால் வந்தவள் வழக்கம்போல அகன்று நிற்கும் கதவை எதிர்பார்த்து வந்து, கையை வைத்துத் தள்ளினாள். மறுபடியும் தள்ளினாள். மூன்றாம் முறை தள்ளவில்லை. திரும்பிக் கையை மட்டும் உயர்த்தினாள்.

அதன்பிறகு திரையில் நான் பார்த்ததை எந்தப் பயிற்சி வகுப்பிலும், எந்த ஒத்திகையிலும் பார்த்ததில்லை. யாரும் வாசலை நோக்கி நெருக்கவில்லை. பாதையில் வந்துகொண்டிருந்தவர்கள் அந்தந்த இடத்தில் நின்றார்கள். நின்றவர்கள் பிரிந்தார்கள். நான்கு பேர், ஓர் இடைவெளி. நான்கு பேர், ஓர் இடைவெளி. எந்த அறையில் யாரோடு இருந்தார்களோ அவர்களோடு, நாற்று நட்டதைப் போல, வெட்டவெளி முழுக்க அகன்று அகன்று நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக, கால்களைச் சேர்த்துக் குனிந்து உட்கார்ந்தார்கள். சுவரில் எழுதியிருந்த ‘நபர் 4’ சுவரைவிட்டு இறங்கி அவர்களோடு நடந்து வந்திருந்தது. ஒன்று வெடித்தாலும் எல்லோரையும் கொண்டுபோகாத தூரம் எதுவென்று அந்தக் கால்களுக்குத் தெரிந்திருந்தது. திரையில் சத்தம் கிடையாது. ஒரு கணம் திரை வெள்ளையாகி மறுபடி படம் வந்தது. மின்னல்.

நான் எழுந்து ஓடினேன். என் வயதில் ஓடுவது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாசலுக்கு வந்தபோது செக்கிங் அக்கா வாசல் தூணில் கால் ஊன்றிக் கதவை இரண்டு கைகளாலும் இழுத்துக்கொண்டிருந்தாள். கால் டன் பிடி. மேனேஜரும் முதலாளியும் சேர்ந்தே அசைக்க முடியாதது.

“பிடிச்சுக்கிட்டுச்சு சார்! உங்க பூட்டு விடமாட்டேங்கு!”

“கார்டைக் காட்டினாயா?”

“காட்டியாச்சு. அது செத்துக் கெடக்கு.”

கார்டைப் படிக்கிற கருவி தன் அடாப்டரோடு மெயினிலிருந்தே ஓடுவது. மெயின் போனதும் அது போய்விட்டது. படிக்கிறது செத்துவிட்டது, பிடிக்கிறது உயிரோடிருந்தது. கொட்டகைச் சுவரில் என் பெட்டியைப் பார்த்தேன். அதன் நெற்றியில் பச்சை விளக்கு ஒன்று நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. மெயின் இறங்கியபின் எரியக் கூடாத விளக்கு. யாரோ உள்ளே பேட்டரி வைத்திருக்கிறார்கள்.

பெட்டி பூட்டியிருந்தது. சாவி பொறுப்பான அலுவலரிடம் சிவகாசியில் இருந்தது.

பெட்டியின் அடியிலிருந்து இரண்டு வயர்கள் வெளியே வந்து, ஒரு சாண் தூரம் வெறுமையாகத் தொங்கி, கதவுக்குப் போகும் குழாய்க்குள் நுழைந்தன. நான் அந்தச் சாணைக் காட்டினேன். சொல்லி முடிக்குமுன் அவள் பறிமுதல் தட்டைக் கவிழ்த்து மடக்குக் கத்தியை எடுத்துவிட்டாள்.

“எதை அறுக்கணும்? செவப்பா, கறுப்பா?”

“எதையாவது. ஒன்று போதும்.”

“சரியாச் சொல்லுங்க சார்! எம்மக உள்ள இருக்கா!”

“எதை அறுத்தாலும் திறக்கும் அம்மா! இந்தப் பூட்டுக்குத் தப்பான வயரே கிடையாது!”

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். அறுத்தாள்.

பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. ஆனால் கதவு அசைந்தது. ஒலியில்லாமல், அவசரமில்லாமல், சாய்ந்த கீலின் மேல் தன் எடையைத் தானே சுமந்துகொண்டு எங்களை நோக்கி வந்து அகன்றது. அதற்குப் பின்னால் அந்த வானம். அதற்குக் கீழே நான்கு நான்காகக் குந்தியிருந்த பெண்கள். அவர்கள் எழுந்தார்கள். முதல் நால்வர் வந்தார்கள். அவர்கள் கடந்தபின் அடுத்த நால்வர். அப்போதும் யாரும் ஓடவில்லை. கண்ணெதிரே திறந்த வாசலும் தலைக்கு மேல் இடியும் இருக்க, முறை வைத்து நடந்து வருகிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

நடுவில் ஒரு நால்வரில், கைகளெல்லாம் மருந்தின் சாம்பல் நிறத்தோடு ஓர் இளம்பெண் வந்தாள். செக்கிங் அக்காவின் முகஜாடை அப்படியே இருந்தது.

“ஏம்மா, கையில கத்தி?”

“ம்… வெங்காயம் உரிக்கேன். போ, கொட்டகைக்குப் போ.”

மகள் போனாள். அதுவரை நின்றுகொண்டிருந்த தாய் அப்போதுதான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். மழை கொட்டியது. இடி எங்கோ ஆனைக்குட்டம் பக்கம் விழுந்திருக்க வேண்டும். ஓய்வுக் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. தொழிற்சாலையில் எந்த அறைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மழை விட்டபோது முதலாளி வந்தார். பின்னாலேயே மேனேஜரும் சாவியோடு வந்தார். பெட்டியைத் திறந்தோம். காலி அறையில் புத்தம்புது பேட்டரி, அளவெடுத்ததைப் போலப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. மேலே என் கொட்டை எழுத்து பத்திரமாக இருந்தது.

“எழுதியிருப்பதைப் படிக்கவில்லையா?” என்றேன்.

“படிச்சேனே சார்” என்றார் மேனேஜர். “ஆடு உள்ள வரக் கூடாதுன்னு பேட்டரி வைக்கணும்னு நெனச்சேன். நீங்க கூடாதுன்னு எழுதிருந்தீக. வெடிச்சிரும்னுதான எழுதிருக்கீகன்னு, வெடிக்காத பேட்டரியாப் பாத்து வாங்கியாந்தேன். மூடி போட்டது, ஆசிட் ஊத்த வேண்டாம், புகையாது. கடைக்காரன்ட்ட கேட்டுக் கேட்டுல்ல வாங்கி, நேத்து எல்லாரும் போன பெறகு மாட்டுனேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்தப் பக்கத்தில் ‘கூடாது’ என்று எழுதிய பலகைகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான். செருப்பு கூடாது, செல் கூடாது, இரும்பு கூடாது, ஓடக் கூடாது. எல்லாம் வெடிக்கும் என்பதற்காக. அந்த மனிதர் பிறந்ததிலிருந்து அந்த ஒரு காரணத்தோடு வளர்ந்தவர். என் தடையையும் அதே அக்கறையோடு படித்து, அதே அக்கறையோடு நிறைவேற்றியிருந்தார்.

“பேட்டரி வெடிக்கல சார்” என்றாள் செக்கிங் அக்கா. “நாங்கதான் வெடிச்சிருப்போம்.”

முதலாளி தன் கையாலேயே பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தார். சிவப்பு, கறுப்பு வயர்களை நான் அடியோடு வெட்டி எறிந்தேன். இனி எவ்வளவு நல்ல மனசுக்காரர் வந்தாலும் எதையும் மாட்ட முடியாது. வராத பச்சைப் பொத்தானும் அதற்கடுத்த வாரமே சென்னையிலிருந்து வந்துவிட்டது. முதலாளி நேரில் போய் வாங்கி வந்தார்.

ஆனால் இடிக்கு மறுநாள் காலையில் பேட்டரியைக் கழற்றியது மட்டும் போதவில்லை. அறுந்த வயரை நான் இணைத்து முடித்தபோது வேன்கள் வந்து நின்றன. பெண்கள் இறங்கி, தூக்குவாளிகளோடு வாசலுக்கு வெளியே நின்றார்கள். யாரும் கார்டை எடுக்கவில்லை. சீசனின் உச்சம், லோடு ஏற்ற லாரி வேறு காத்திருந்தது.

“என்னக்கா, என்ன வேணும்?” என்றார் முதலாளி.

“மெயின இறக்கிக் காட்டுங்க முதலாளி. பெறகு போறோம்” என்றாள் செக்கிங் அக்கா.

“அதான் பேட்டரியக் கழத்தியாச்சே! நீயும் பாத்தேல்ல?”

“நேத்து பாத்தேன். இன்னைக்குப் பாக்கலையே.”

முதலாளி போர்மேனைக் கூப்பிட வாயெடுத்தார். பிறகு என்ன தோன்றியதோ, தானே நடந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்து இறக்கினார். எல்லோரும் கதவைப் பார்த்தோம். அது வந்தது. திறந்து, அகன்று, நின்றது. செக்கிங் அக்கா ஒதுங்கி வழிவிட்டாள். அவள் மகள் இருந்த நால்வர் முதலில் போனார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். மெயினை இறக்கி, கதவு திறந்து காட்டிய பிறகுதான் வேலை. நான் விதியாக எழுதிக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் ஒரு மாதம் நடந்திருக்கும். பெட்டியின் சாவி செக்கிங் அக்காவின் முந்தானை முடிச்சுக்குப் போய்விட்டது. அந்த மடக்குக் கத்தி தட்டுக்குத் திரும்பவில்லை. கார்டுகளுக்குப் பக்கத்தில் தனி ஆணியில் தொங்கியது. விதிப்படி அந்த இடத்தில் அது இருக்கக் கூடாது. என் வாழ்நாளில் நான் கண்டும் காணாமல் விட்ட மீறல் அது ஒன்றுதான்.

கேமரா சரியில்லை என்று பொய்க்காரணம் சொல்லிக்கொண்டு சில காலைகளில் சூலக்கரையிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போயிருக்கிறேன். வெயில் அப்போதுதான் ஏறும். போர்மேனின் கை கைப்பிடிக்குப் போகும்போது அத்தனை பேச்சும் நின்றுவிடும். வாசலுக்கு இந்தப் பக்கம் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள், கையில் தூக்குவாளி. யாரும் கதவைத் தொட மாட்டார்கள். அது தானாக வர வேண்டும்.

வரும்.